பேரூர்க்கடையில் ஒரு பரஸ்தானம்

எங்கள் நெடும்பயணத்தின் முதல் கட்டம் கரமனையில் தொடங்கிப் பேரூர்க்கடையில் முடிந்தது. ஊர் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இரண்டுமே திருவனந்தபுரம்தான். டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இருக்கை கிடைத்து, சற்றுக் கண்ணயர்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

ஆனால் அன்று காலை எங்கள் தெருவுக்கு அது தெரியாது. அக்ரஹாரமே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. எதிர்வீட்டு மாமி நிறைகுடத்துடன் வேண்டுமென்றே எதிரே நடந்து வந்தாள். யாரோ எங்கள் வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வருஷக்கணக்காக என்னோடு முகம்கொடுத்துப் பேசாத ஒரு பெண்மணி ஜன்னலுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "காஷ்மீர்ல குளிருமாக்கும், மப்ளர் எடுத்துண்டயா?" என்று கேட்டாள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் எதுவரைக்கும் போகப்போகிறோம் என்று எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நீளமான ஒரு பிரயாணி வேன். அதன் இருக்கைகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து வீடாக மாற்றி வாங்கினோம். பின்பக்கம் ஒரு கட்டில், நடுவில் இரண்டு அடுப்பும் ஒரு தொட்டியும், ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு தாண்ட வேண்டிய நடைவழி, கதவோரம் குளியலறை. கூரைமேல் சூரியத் தகடு. கேரவன் என்றால் சினிமாக்காரர்களுடையது என்றுதான் நம் ஊரில் நினைப்பு. வண்டி வந்து நின்ற அன்று தெருமுனையில் ஒருவர், "ஷூட்டிங் எவிடெயா?" என்று கேட்டார். நான் என் கணவரைக் காட்டி, "ஹீரோ இவர்தான்" என்றேன். அந்த ஆள் பார்த்த பார்வையில் என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டை விட்டுவிட்டு வண்டியிலேயே வாழ்வது என்று முடிவு செய்திருந்தோம். மேற்குக் கரையோடு ஏறி, குஜராத், ராஜஸ்தான் சுற்றி, மலைப்பக்கம் போய், அஸ்ஸாம் வழியாகத் திரும்பி, கிழக்குக் கரையோடு இறங்குவது. ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். பெண் கல்யாணமாகித் தூரதேசத்தில் இருக்கிறாள். அவளுக்கு எங்களைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லை, அதற்கு நான் நன்றி சொல்கிறேன். வீட்டுக்கு வாடகைக்கு ஒரு இளம் ஜோடியைப் பார்த்தாயிற்று. நாங்கள் ஜில்லா எல்லையைத் தாண்டியதும் எதிர்வீட்டு மாமி அவர்களிடம் சாவியைக் கொடுத்துவிடுவாள். இதுதான் ஏற்பாடு.

ஆசை என்னுடையது. மின்சார அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சாலை. லாரிகளின் நம்பர் பலகையில் ராஜஸ்தான், நாகாலாந்து என்று பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரியும். ரிட்டயர் ஆன மறுநாளே கிளம்பியிருப்பேன்.

திட்டம் அவருடையது. அங்கேதான் சிக்கல். என் கணவர் வாகன இன்ஷூரன்ஸில் சர்வேயராக இருந்தவர். எங்கே வண்டி மோதினாலும், கவிழ்ந்தாலும், ஆற்றில் விழுந்தாலும், போய்ப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது வேலை. அப்படிப்பட்டவரிடம் நெடும்பயணத் திட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஹாலில் இந்தியாவின் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் செம்பையும் டம்ளரையும் வைத்து, அதன்மேல் தவழ்ந்துகொண்டே இருந்தார். எந்த ஊரில் இரவு வண்டியை நிறுத்தலாம், எந்தப் பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடிக்க விடுவார்கள், எந்த மலைச்சாலையில் எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடம் உண்டு, கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது, காஸ் தீர்ந்தால் என்ன செய்வது எல்லாம் அவருக்குத் தெரியும். எப்போது கிளம்புவது என்பது மட்டும் தெரியாது. மழைக்காலம் முடியட்டும் என்பார். மழை முடிந்தால் வெயில். வெயில் போனால் ஓணத்துக்கு ரோட்டில் கூட்டம். இப்படியே வண்டி எங்கள் தெருமுனைக் காலி மனையில் நின்று, அதன் கீழே ஒரு பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் புறப்பட்டுப் போய்விட்டன.

ஒருவழியாக நான் கத்தின கத்தலில் நாள் பார்த்தார். வியாழக்கிழமை காலை நல்ல நேரம். நான் ஆரியசாலைக்குப் போய் மொத்தக் கடையில் துவரம்பருப்பும் பெருங்காயமும் புளியும் வாங்கினேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். "இம்புட்டு சாமான எங்கக்கா கொண்டு போறிய? கல்யாணமா?" என்று கேட்டார். "குடித்தனம் வைக்கப் போறேன்" என்றேன். என் தலைநரையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தண்ணீர் பம்ப் செத்தது. தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார். அதற்கு மாற்று வெளியூரிலிருந்து வர வேண்டும். என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட பிள்ளைக்கு வருகிற வெளிச்சம்.

"பம்ப் இல்லாம எப்படிக் கெளம்பறதாக்கும்? இந்த நாள் போனா அப்பறம் நல்ல நாள் ரெண்டு மாசம் கழிச்சுத்தான். சாரமில்லை, பரவால்லை, அதுக்குள்ள இந்தத் துலாவர்ஷ மழையும் நின்னுடும்" என்றார்.

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. அப்போதுதான் அந்தச் சொல் என் வாயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"பரஸ்தானம் வெச்சுடலாமே" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் வீடுகளில் பழைய வழக்கம் அது. பயணத்துக்கு நல்ல நாள் வந்துவிட்டது, ஆனால் அன்றைக்குப் போக முடியவில்லை என்றால், அந்த நல்ல நேரத்தில் குடையையோ பையையோ எடுத்துக்கொண்டு புறப்பட்டு, வேறொரு வீட்டில் போய்த் தங்கிவிட வேண்டும். பயணம் தொடங்கிவிட்டதாகவே கணக்கு. அப்புறம் சௌகரியப்பட்டபோது அங்கிருந்தே போய்க்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, திரும்ப நம் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினால் புறப்பட்டது இல்லை என்று ஆகிவிடும். மறுபடி நாள் பார்க்க வேண்டும். என் கணவர் யாரோடும் எதைப் பற்றியும் வாதாடுவார். பஞ்சாங்கத்தோடு மட்டும் வாதாட மாட்டார். எனக்கு அதில் ஒன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கையில் கிடைத்த கயிற்றை விடுகிற ஆள் நான் இல்லை.

அப்படித்தான் வியாழக்கிழமை காலை தெருவே வழியனுப்ப, கரமனைச் சந்திப்பைத் தாண்டினோம். தம்பானூர் வந்து, செக்ரடேரியட் அருகே ஓர் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு, கொடிகளுக்கும் கோஷங்களுக்கும் நடுவே வெகுநேரம் நின்று, வெள்ளையம்பலம், கவடியார் வழியாகப் பேரூர்க்கடைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே என் அலுவலகத் தோழியின் வீடு. மலையாளி, என்னோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். பெரிய தோட்டம், கிணறு, வண்டி நிற்க நிழலுக்கு ஒரு சக்கை மரம். பலாமரத்தைச் சக்கை என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்.

வண்டியை நிறுத்திவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "இங்கே பரஸ்தானம் இருக்கப் போறோம்" என்றேன்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பிரஸ்தானமோ? ஏது பார்ட்டி? எடீ, ஈ வயசுகாலத்து ரண்டாளும் பார்ட்டியில் சேர்ந்நோ?"

மலையாளத்தில் பிரஸ்தானம் என்றால் இயக்கம். கட்சி, கொடி, மறியல், உண்ணாவிரதம் எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் செக்ரடேரியட் வழியாகத் தாமதமாக வந்ததையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் விளக்கிச் சொல்லி முடித்தபோது அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே பெயர். காலையில் தோட்டத்துக்கு வந்து கதவைத் தட்டி, "பிரஸ்தானத்தினு சாய வேணோ?" என்பாள். பக்கத்து வீட்டாரிடமும் அப்படியே சொல்லிவைத்ததால், இரண்டு பேர் வந்து எங்கள் கொள்கை என்னவென்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. பம்ப் இல்லை, அதனால் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டோம். அதிகாலையில் கூரையில் சக்கை இலை விழும் சத்தம் கேட்கும். கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போடலாம் என்று கண்டுபிடித்தேன். இவ்வளவு பெரிய வசதியைப் பரம்பரை பரம்பரையாக வீடு கட்டினவர்கள் எவருமே யோசிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். பெருக்குவதற்கு இரண்டு நிமிஷம். துடைப்பதற்கு அதுவும் வேண்டாம். ஒரு பாத்திரம் வெளியே எடுத்தால் இன்னொன்று உள்ளே போக வேண்டும் என்பதால், சாம்பாரா ரசமா என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அதற்காகச் சண்டை போட்டோம். அவர் முட்டி அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டது, என் புடவைத் தலைப்பு கழிப்பறைக் கதவில் மாட்டிக்கொண்டது. நைட்டிக்கு மாறினேன். பிறகு சுடிதாருக்கு மாறினேன். "இதென்ன வேஷமாக்கும்?" என்று என் கணவர் கேட்டார். "பிரஸ்தானத்தின் சீருடை" என்று சொல்லிவிட்டேன்.

ஊரையும் புதிதாகப் பார்த்தோம். பிறந்து வளர்ந்த ஊரில் நான் மிருகக்காட்சிசாலைக்குப் போய் எத்தனை காலம் ஆயிற்று! வெளியூர்க்காரர்கள் மாதிரி பஸ் ஏறிப் போய், நீர்யானையைப் பார்த்துவிட்டு, சங்குமுகத்தில் மாலைக் கடலைப் பார்த்துவிட்டு, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி தின்றோம். வழியில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் திகைத்துப்போய், "யாத்ரை எப்போ?" என்பார்கள். "தொடங்கியாச்சே" என்று நான் சொல்வேன். அது பொய் இல்லை. எனக்கு உண்மையாகவே தொடங்கிவிட்டிருந்தது.

மறந்துவைத்த சாமான்கள்தான் வேடிக்கை. வீடு ஒரு டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் படி ஏறக் கூடாது. என் கணவர் தினம் ஒன்றை நினைத்துக்கொண்டு எதிர்வீட்டு மாமிக்குப் போன் செய்வார். குக்கர் வளையம். வாசிக்கிற கண்ணாடி. ரப்பர் செருப்பு. வெந்நீர்ப்பை. மாமி எங்கள் வீட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறி வந்து கொடுப்பாள், காப்பி குடிப்பாள், கட்டிலில் கொஞ்சம் படுத்துப் பார்ப்பாள். ஒருநாள் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "ஒங்காத்துக்காரர்தான் கேட்டார்டீ. பஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறா" என்றாள்.

பம்ப் வந்தது. மெக்கானிக் வந்து மாட்டினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. நான் கைகொட்டினேன். தோழி குரவையிட்டாள். என் கணவர் குழாயை மூடிவிட்டு, "பின்பக்க டயர்ல ஒரு சந்தேகம் இருக்கு" என்றார்.

டயரை மாற்றினோம். அப்புறம் மலைப்பக்கம் மண்சரிவு என்று செய்தி. அப்புறம் மத்தியானமானால் இடி மின்னலோடு துலாவர்ஷம். அப்புறம் பிரேக்கில் ஏதோ சத்தம். அவருக்கு மட்டும் கேட்கிற சத்தம். தோழி சாயாவை நீட்டியபடி, "அனங்ஙாத்த பிரஸ்தானம்" என்றாள். அசையாத இயக்கம். நானும் சிரித்தேன். ஆனால் இவர் இங்கிருந்து நகர மாட்டார் என்று எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நான் பார்த்த அத்தனை லாரிகளும் கடைசியில் ஜன்னலுக்கு வெளியே ஓடினதோடு சரி என்று ஆகிவிடும். சாவியை வாங்கக் காத்திருக்கிற ஜோடி வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும். நாங்கள் கரமனைக்குத் திரும்பிப் போய், ஹாலில் அந்த வரைபடத்தை மறுபடி விரிப்போம்.

ஒருநாள் எதிர்வீட்டு மாமி சாமான் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். என் கணவர் டவுனுக்குப் போயிருந்தார். மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தோட்டத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை என்றாலும்.

"நேத்து அவர் அங்க வந்திருந்தார், அறியுமோ?"

"எங்க?"

"ஒங்காத்து வாசல்லதான். படிக்குக் கீழ நின்னுண்டிருந்தார். நான் உள்ளேர்ந்து பாத்துண்டே இருந்தேன். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிட்டு, பழையபடி கீழயே வெச்சுட்டார். அப்பறம் திரும்பிப் போயிட்டார். அழுதாரோன்னு எனக்குச் சந்தேகமாக்கும்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவர் திரும்பி வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் குடையை உதறிக்கொண்டு வந்தார். வேட்டி நனைந்து, தலை நனைந்து, கையில் எனக்குப் பிடித்த, வெங்காயம் போட்ட உள்ளிவடைப் பொட்டலத்தோடு. அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் நான் தயார் செய்த வார்த்தைகளில் பாதி போய்விட்டது.

"படி ஏறலாம்னு போனேளா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. நடைவழியில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பொட்டலத்தின் நூலையே பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு வண்டின்னா ஊர் ஊராப் போறது. எனக்கு அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான் ஒடஞ்ச வண்டியைத்தான் பாத்திருக்கேன். சீட்டுல கண்ணாடித் தூள், கொழந்தையோட ஒத்தைச் செருப்பு, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கெடக்கும். பத்திரமாப் போய்ச் சேர்ந்த வண்டியை ஒருத்தரும் என்கிட்ட கொண்டுவந்து காட்டினதில்லை" என்றார்.

  இவ்வளவு காலம் ஒரு கூரையின் கீழ் இருந்து, இந்த மனிதர் தினமும் எதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார் என்று நான் யோசித்ததே இல்லை. அவர் தலையைத் துண்டால் துவட்டினேன். அழுத்தித் துவட்டினேன், வலித்திருக்கும்.

உள்ளிவடையைத் தின்று முடித்தபிறகு அவரே சொன்னார். "கல்லாறு வரைக்கும் போய்ப் பாப்போம். ரெண்டு நாள். சரியா வந்தா மேல போலாம். இல்லைன்னா திரும்பிடலாம். ஆனா ஒண்ணு, நீ ஒண்ணும் சொல்லப்படாது. போலாம்னும் சொல்லப்படாது, பயந்தாங்கொள்ளின்னும் சொல்லப்படாது. நானே பாத்துக்கறேன்."

சரி என்றேன். இதைவிடப் பெரிய விரதம் நான் எடுத்ததில்லை.

மறுநாள் காலை தோழி பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிய சக்க வரட்டி ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். "பிரஸ்தானம் சலிச்சு!" என்று கேட் ஓரம் நின்று கத்தினாள். இயக்கம் நகர்ந்துவிட்டதாம். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள் வந்தன, காற்று குளிர்ந்தது. என் கணவர் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் வழிவிட்டார். எங்கள் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம் அளவுக்கு வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேன்.

கல்லாறு பொன்முடி மலையின் அடிவாரம். ஆறு, பாறைகள், நாலைந்து சின்னக் கடைகள். ஒரு சாயாக்கடைச் சேச்சியிடம் கேட்டு, கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில், ஆற்றுக்கு எட்டாத இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மலையில் மழை பெய்தால் ஆறு திடீரென்று ஏறும் என்ற எச்சரிக்கைப் பலகையை என் கணவர் மூன்று தரம் படித்தார். நான் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேன். என்ன குளிர்ச்சி! சின்ன மீன்கள் வந்து விரலைக் கடித்தன. நான் கூச்சலிட்டுச் சிரித்ததைக் கேட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவரும் காலை விட்டார். இரண்டு நாளும் மத்தியானம் வரை நாங்கள் அந்தப் பாறையில்தான் இருந்தோம். சுட்ட அப்பளமும் புளிக்காய்ச்சல் சாதமும் பாறையிலேயே சாப்பிட்டோம். சேச்சி கடையில் பேச்சுக்கொடுக்க வந்தவர்கள் எல்லோரும், "வீடு எவிடெயா?" என்று கேட்டார்கள். நான் விரதத்தில் இருந்ததால் அவர் பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் முதல் நாள், "கரமனையில்" என்றார். இரண்டாம் நாள் ஒருவரிடம் கொஞ்சம் தயங்கி, வண்டியைக் காட்டினார்.

கிளம்பும் நாள் காலையில் டார்ச்சோடு வண்டியைச் சுற்றினார். முன்பக்கம், பின்பக்கம், டயர் ஒவ்வொன்றும். தரையில் பாயை விரித்துப் படுத்து அடியில் நுழைந்தார். விபத்து நடந்த வண்டியை இப்படித்தான் பார்ப்பார் என்று தோன்றியது. வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். முகத்தில் ஒரு குழப்பம்.

"ஒண்ணுமே ஆகலை" என்றார், யாரிடமோ புகார் சொல்வது போல.

நான் பாயை உதறி மடித்தேன். 

கல்லாற்றிலிருந்து இறங்கினால் விதுரா. பொன்முடி பார்த்துவிட்டு வருகிற வண்டிகள் எல்லாம் அந்தச் சந்திப்பில் நேராகப் போய், நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பும். வலப்பக்கம் பிரிகிற சாலை பாலோடு, தென்மலை என்று வடக்கே போகும். நேராகப் போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கரமனை. வலப்பக்கம் போனால் வாடகைக்காரர்களுக்குச் சாவி. அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்கக் கூடாது. மலை இறங்குகிற வழி முழுக்க என் மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தேன். சந்திப்பு தெரிந்தது. வண்டி மெதுவானது. இன்னும் மெதுவானது. நடுரோட்டில் அநேகமாக நின்றே விட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் அவர் பக்கம் திரும்பாமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இண்டிகேட்டர் போட்டார். டிக் டிக் என்று அடித்தது. இடப்பக்கம் ஓரங்கட்டவா, வலப்பக்கம் திரும்பவா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓரத்தில் ஆட்டோ ஸ்டாண்ட். எங்கள் நம்பர் பலகையில் திருவனந்தபுரத்து எண்ணைப் பார்த்த ஓர் இளைஞர், இந்தப் பெரியவர் வழி தவறுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்து கையை வீசினார்.

"சேட்டா! அங்ஙோட்டல்ல! திருவனந்தபுரம் நேரே! நேரே போணம்!"

என் கணவர் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டினார்.

"அறியாம் அனியா" என்றார். தெரியும் தம்பி. பஸ் ஹாரனையும் மீறிக் கேட்கும்படி உரக்க, அந்தச் சந்திப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, "ஞங்ஙள் வீட்டிலேக்கல்ல, யாத்ரை போகயா!" என்றார். வீட்டுக்கு இல்லை, யாத்திரை போகிறோம் என்று.

வண்டி வலப்பக்கம் திரும்பியது. நான் பையை முகத்தில் அழுத்திக்கொண்டு, விரதம் முறியாமல், சத்தம் போடாமல் அழுதேன்.